சிவப்பு மஞ்சளும் மூன்று முட்களும்: வாசகர் கேள்வி பதில்

பணி ஓய்வுக்குப் பிறகு பொழுதை எப்படிக் கழிக்கிறீர்கள் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். சிலாங்கூர் மாநில அணி விளையாடும் நாட்களில் காற்பந்து பார்க்கிறேன், மற்ற நாட்களில் உதிரி உறுப்புகளை வாங்கிக் கைக்கடிகாரம் பொருத்துகிறேன் என்று இரண்டே வரிகளில் பதில் எழுதினேன். உணவு, உடல்நலம், தமிழ்ப்பள்ளி என்று நான் பக்கம் பக்கமாக எழுதியபோது வராத கடிதங்கள் அந்த இரண்டு வரிகளுக்கு வந்து குவிந்துவிட்டன. ஆகவே இந்த இதழின் இடம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

நீங்கள் சிலாங்கூர் ரசிகரானது எப்போது? தோற்றாலும் அந்த அணியையே பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் என்ன?
வாசகர், கிள்ளான்

எப்போது என்று திட்டமாகச் சொல்ல முடியவில்லை. நான் கோல சிலாங்கூர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா தோட்டத்து லாரி ஓட்டுநர். லயத்து வீடுகளில் எங்கள் வரிசைக்கு ஒரே ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. ஆட்டம் நடக்கும் இரவுகளில் அதைச் சன்னலில் திருப்பி வைத்துவிடுவார்கள். வர்ணனை மலாய் மொழியில் விரைந்து ஓடும், பாதி புரியாது. ஆனால் வர்ணனையாளரின் குரல் ஏறினால் நாங்களும் எழுந்து நிற்போம். ஏறிய குரல் யாருக்காக ஏறியது என்று பெரியவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். அந்த வயதில் யாரும் என்னிடம் எந்த அணி வேண்டும் என்று கேட்கவில்லை. வீட்டுப் பெயரைப் போல அதுவும் வந்து சேர்ந்தது.

முதன்முறையாக மெர்டேக்கா அரங்கத்துக்குப் போனது 1970களின் தொடக்கத்தில். அப்பா ஓட்டிய லாரியின் பின்புறத்தில் நின்றுகொண்டே வந்த எங்களுக்கு, கோலாலம்பூரை நெருங்கும்போது முதலில் தெரிந்தவை நகரத்துக் கட்டடங்கள் அல்ல, அரங்கத்தின் விளக்குக் கோபுரங்கள்தாம். இன்று அரங்கத்துக்குப் பக்கத்தில் 118 மாடிக் கோபுரம் எழுந்து நிற்கிறது, அதன் காலடியில் அரங்கம் ஒரு தட்டைப்போலக் கிடக்கிறது. அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் என் கண் இன்னும் அந்த விளக்குகளைத்தான் தேடுகிறது.

அப்போதைய சிலாங்கூரை விரும்புவது எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மொக்தார் டஹாரி முன்வரிசையில் நின்ற காலம் அது. 1975இல் சுற்றுப்பயணமாக வந்த அர்செனல் அணியைச் சிலாங்கூர் 2-0 என்று வென்றது. இரண்டு கோல்களும் அவருடையவை. 1978இல் இங்கிலாந்தின் ‘பி’ அணிக்கு எதிராக நாட்டுக்காக ஆடியபோது, தன் பாதித் திடலிலிருந்தே பந்தை ஓட்டிக்கொண்டு போய் அவர் அடித்த கோலை, பார்த்தவர்களைவிடப் பார்த்ததாகச் சொல்பவர்கள் பன்மடங்கு அதிகம். நான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன். அன்று எனக்கு இரவு வேலை.

இழப்புகளும் உண்டு. 1980 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்றோம். ஃபாண்டி அகமது என்ற பதினெட்டு வயதுகூட நிரம்பாத பையன் வெற்றிக் கோலை அடித்தான் (மன்னிக்க, அடித்தார், இந்த வயதிலும் அந்தக் கோபம் ஒருமையில்தான் வருகிறது). மறு ஆண்டே அதே சிங்கப்பூரை 4-0 என்று வென்றோம். 1994இல் வெளிவந்த ஆட்டச் சூதாட்ட விவகாரம் வேறு வகையானது. நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டனர், பல அணிகளின் ஆட்டக்காரர்கள் தடை செய்யப்பட்டனர். நாம் கைதட்டிய கோல்களில் எது உண்மை, எது விலைபேசப்பட்டது என்று தெரியாமல் போனது தோல்வியைவிடக் கசப்பாக இருந்தது. சுமார் இரண்டு ஆண்டுகள் நான் அரங்கத்துக்குப் போகவில்லை. ஆனால் காலை நாளிதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பும் பழக்கத்தை மட்டும் விட முடியவில்லை. விட முடியாததற்குக் காரணம் கேட்டால் எனக்குத் தெரிந்த காரணம் அவ்வளவுதான்.

நம் தமிழர்கள் தேசிய அணியில் முக்கிய இடம் வகித்தார்கள் என்று சொன்னால் என் பேரன் நம்ப மறுக்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?
வாசகி, ஈப்போ

பேரனிடம் ஆர். ஆறுமுகத்திலிருந்து தொடங்குங்கள் அம்மா. சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காவலராக நின்றவர். நீண்ட கைகளுக்காக ‘ஸ்பைடர்மேன்’ என்று மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்ற வேறுபாடில்லாமல் எல்லாரும் அழைத்தார்கள். கோல் கம்பத்தின் பின்புறத்துப் படிகளில் உட்கார்ந்து அவரைப் பார்த்திருக்கிறேன். பந்து மூலையிலிருந்து உயர்ந்து வரும்போது மற்ற காவலர்கள் குத்தித் தள்ளுவார்கள், அவர் ஒரு கையை நீட்டி, கொடியிலிருந்து துணியை எடுப்பதுபோல எடுத்துவிடுவார். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு 35 வயது. இறுதி ஊர்வலச் செய்தியை என் மனைவி உரக்கப் படித்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் மலேசியா வெண்கலம் பெற்றபோது தற்காப்பில் எம். சந்திரன் இருந்தார். 1980 ஏப்ரலில் இதே மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணி ஆறுமுகம், சோ சின் ஆன், சந்தோக் சிங், ஜேம்ஸ் வோங், ஹசான் சானி என்று எல்லா இனத்துப் பெயர்களும் கலந்த அணி. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து நம் அரசு புறக்கணிப்பில் சேர்ந்ததால் அவர்கள் மாஸ்கோவுக்குப் போகவில்லை, நம் இடத்தில் ஈராக் போனது. அந்தத் தகுதிச் சுற்றின் கடைசி விசில் ஒலித்தபோது அப்பா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியை உரக்கச் சொன்னார். எதற்காகச் சொன்னார் என்று கேட்கத் தோன்றவில்லை.

பேரனுக்கு அண்மைக்காலம்தான் வேண்டும் என்றால், 2010இல் மலேசியா முதன்முறையாகத் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்றபோது பயிற்றுநராக இருந்தவர் கே. ராஜகோபால் என்று சொல்லுங்கள். புக்கிட் ஜாலிலில் நடந்த முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவை 3-0 என்று வென்று, ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்று, மொத்தக் கணக்கில் கிண்ணத்தைக் கொண்டுவந்தார்கள். விளையாடிய காலத்தில் அவரும் சிலாங்கூர்க்காரர்தான் என்பதை நான் சேர்த்துச் சொல்லாமல் இருக்க மாட்டேன்.

கைக்கடிகாரம் பொருத்துவது என்றால் என்ன? பல்சக்கரங்களையெல்லாம் நீங்களே செய்கிறீர்களா?
வாசகர், சிரம்பான்

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சில கடிதங்களில் என்னைக் கடிகார நிபுணர் என்று அழைத்திருக்கிறார்கள். கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒவ்வொரு சக்கரத்தையும் கழற்றிக் கழுவி எண்ணெயிட்டு மறுபடி பூட்டுபவர், அதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். நான் செய்வது அதன் வாசற்படியில் நிற்கும் வேலை. ஓடும் நிலையில் முழுதாக வரும் மெஷினை வாங்கி, அதன்மேல் டயலைப் பதித்து, மூன்று முட்களைக் குத்தி, கண்ணாடியும் கூடும் சேர்த்து மூடுகிறேன். தையற்காரர் துணி நெய்வதில்லை அல்லவா, அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பயன்படுத்துவது சீக்கோ நிறுவனத்தின் என்எச்35 என்ற மெஷின். கையில் கட்டி நடந்தாலே சாவி ஏறிக்கொள்ளும். நின்றுபோனால் சாவியைத் திருகியும் ஏற்றலாம். உராய்வைக் குறைக்கும் 24 சிறு கற்கள் கொண்டது. மணிக்கு 21,600 முறை, அதாவது நொடிக்கு ஆறு முறை துடிக்கிறது. முழுதாகச் சாவி ஏறியிருந்தால் ஏறக்குறைய 41 மணி நேரம் ஓடும். சனிக்கிழமை இரவு ஆட்டம் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தால் திங்கட்கிழமை பிற்பகலில் நின்றிருக்கும். 90 நிமிட ஆட்டத்தில் அது 32,400 முறை துடிக்கும் என்று ஒருநாள் கணக்குப் போட்டேன். சிலாங்கூர் ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் கடைசிப் பத்து நிமிடங்களில் என் இதயம் அதோடு போட்டி போடும்.

அதன் பின்புறத்தில் ஓர் அரைவட்ட எடை சுழல்கிறது. அது எந்தப் பக்கம் சுழன்றாலும் சாவி ஒரே திசையில் ஏறும்படி ஒரு சிறு கொக்கி அமைப்பை 1959இலேயே சீக்கோ கண்டுபிடித்துவிட்டது. இரண்டு விரல் போன்ற கொக்கிகள், ஒன்று இழுக்கும்போது மற்றது தள்ளும். கிணற்றில் இரண்டு வாளி வைத்து இறைப்பதுபோல ஒன்று ஏறினால் ஒன்று இறங்குகிறது. இவ்வளவு எளிய ஏற்பாட்டை முதலில் பார்த்தபோது சிறிது நேரம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அதையே ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் தொடங்க என்னென்ன கருவிகள் வேண்டும்? எவ்வளவு செலவாகும்?
வாசகர், சுங்கை பட்டாணி

நுனி வளையாத இடுக்கி இரண்டு, கண்ணில் பொருத்தும் உருப்பெருக்கி, மெஷினைப் பிடித்து வைக்கும் தாங்கி, முள் குத்தும் கருவி, தூசியை ஊதும் ரப்பர்ப் பந்து, தூசியை ஒற்றி எடுக்கும் களிமண் போன்ற ஒட்டுப்பசை, விரல் உறை, பின்மூடி திறக்கும் கருவி. முதல் கடிகாரத்துக்கு நான் கருவிகளுக்கு 200 வெள்ளியும் (ரிங்கிட்) மெஷினுக்கு ஏறக்குறைய 150 வெள்ளியும் கொடுத்தேன். டயல், கூடு, முட்கள் தனி. அதைவிடக் குறைந்த விலைக்கு ஓடும் புதுக் கடிகாரம் கடையில் கிடைக்கும் என்று என் மருமகன் சொன்னார். சொன்னது உண்மைதான்.

வேலையின் நுணுக்கமெல்லாம் முட்களில் இருக்கிறது. மணி முள்ளின் துளை ஒன்றரை மில்லிமீட்டர், நிமிட முள்ளுக்கு 0.9, நொடி முள்ளுக்கு வெறும் 0.2. முதலில் டயலைப் பதித்தபின் சாவியைத் திருப்பித் தேதி மாறும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். தேதித் தட்டு ‘டக்’ என்று நகரும் அந்தக் கணத்தில் நிறுத்தி, மணி முள்ளைச் சரியாகப் பன்னிரண்டில் குத்தவேண்டும். அடுத்து நிமிட முள், அதுவும் பன்னிரண்டில். பிறகு கடிகாரத்தைப் பக்கவாட்டில் பிடித்துக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்க்கவேண்டும்: மூன்று முட்களும் மூன்று தளங்களில், ஒன்றையொன்று உரசாமல், டயலையும் தொடாமல், மேலே கண்ணாடியையும் தொடாமல் இருக்கவேண்டும். இவ்வளவும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்குள் நடக்கிறது. நொடி முள்ளைக் குத்தும்போது மூச்சை அடக்குகிறேன், வேண்டுமென்று அல்ல, தானாக அடங்கிவிடுகிறது.

சாவியோடு வரும் தண்டு நீளமாக வரும், கூட்டின் அளவுக்கு வெட்டவேண்டும். இதில் ஒரே ஓர் அறிவுரை: ஒருமுறையில் வெட்டாதீர்கள். கொஞ்சம் வெட்டி, அரத்தால் தேய்த்து, போட்டுப் பார்த்து, மறுபடி கொஞ்சம் வெட்டுங்கள். நீளமான தண்டைக் குறைக்கலாம், குறைந்ததை நீட்ட முடியாது. என் மேசை இழுப்பறையில் அப்படிக் குறைந்துபோன தண்டுகள் நான்கு கிடக்கின்றன.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. விசிறி ஓடினால் தூசி, நிறுத்தினால் வியர்வை. சன்னலை மூடிக்கொண்டு வேலை செய்து, ஈரக் காற்றோடு கூட்டை மூடிவிட்டால், குளிர்சாதன வசதியுள்ள திருமண மண்டபத்துக்குள் நுழைந்ததும் கண்ணாடியின் உட்புறம் பனி படரும். இதைத் தெரியாமல் ஒரு கல்யாண வீட்டில் மணி பார்க்க முடியாமல் விழித்தேன். இப்போது படுக்கையறையில் குளிரூட்டியைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் கூட்டை மூடுகிறேன்.

நான் ஷா ஆலமில் பிறந்தவன், ஆனால் ஜொகூர் டாருல் தாக்சிம் அணியின் ரசிகன். என் மாமா என்னைத் துரோகி என்கிறார். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்களா?
கல்லூரி மாணவர், ஷா ஆலம்

சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மாமாவின் பக்கத்தையும் முழுதாக விட்டுக்கொடுக்க மாட்டேன். 2014இல் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேலாக லீக் பட்டத்தை அந்த அணி விடாமல் வென்று வருகிறது. 2015இல் ஆசியக் கூட்டமைப்புக் கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசியக் கிளப்பும் அதுதான். நல்ல திடல், நல்ல பயிற்சி, சம்பளம் தாமதமாகாத நிர்வாகம் என்பவை வெறும் பணத்தால் வந்தவை என்று ஒதுக்கிவிட முடியாது. மற்ற அணிகள் செய்யத் தவறியவை அவை. உங்கள் வயதில் ஒருவன் நன்றாக விளையாடும் அணியைப் பார்த்து மயங்குவதில் என்ன துரோகம் இருக்கிறது? மொக்தார் இல்லாத சிலாங்கூராக இருந்திருந்தால் நானும் அந்த லாரியில் ஏறியிருப்பேனா என்பது எனக்கே சந்தேகம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஜொகூரில் அந்த அணியின் ஆட்டத்தை நேரில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒருமுறை பேருந்தேறிப் போய்ப் பாருங்கள். போய்வந்த பிறகு மாமாவோடு சண்டை போடுங்கள், அப்போது உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். மாமாவிடம், அவருடைய ஷா ஆலம் அரங்கத்தையே 2024இல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதையும் நினைவூட்டலாம். புதிது வரும்வரை எங்கள் குடியிருப்பு பெட்டாலிங் ஜெயாவில்.

மாமாக் உணவுக்கடையில் விடியற்காலை வரை விழித்திருந்து மான்செஸ்டர், லிவர்பூல் ஆட்டங்களைப் பார்க்கும் இளைஞர்களைப் பற்றி நீங்கள் கேலியாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் பொருத்தும் கடிகாரம் மட்டும் ஜப்பான் பொருள். இது என்ன நியாயம்?
வாசகர், காஜாங்

நல்ல அடி, நேராகக் கோலுக்குள் வந்தது. ஆனால் பந்து கோட்டைத் தாண்டவில்லை என்று நடுவரிடம் முறையிட எனக்கு இடம் இருக்கிறது.

என் மெஷினை உருப்பெருக்கியில் பார்த்தால் அதில் ‘மலேசியா’ என்று பொறித்திருப்பது தெரியும். நிறுவனம் ஜப்பானியருடையது, ஆனால் இந்த வகை மெஷின்களில் ஏராளமானவை நம் நாட்டில் உருவாக்கப்படுகின்றன. இன்று உலகெங்கும் சிறு நிறுவனங்களும் என்னைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களும் பெட்டி பெட்டியாக வாங்கிப் பொருத்துவது இதைத்தான். ஐரோப்பாவில் ஒருவர் புதுக் கடிகாரம் என்று பெருமையோடு கட்டிக்கொண்டிருப்பதன் வயிற்றுக்குள் நம் ஊர்ப் பெண் ஒருவரின் இடுக்கி பட்ட மெஷின் துடித்துக்கொண்டிருக்கலாம். முதல் மெஷின் வந்த அன்று அந்தச் சொல்லைக் கண்டபோது, எங்கோ தூர தேசத்திலிருந்து வந்த பொட்டலத்துக்குள் நம் பக்கத்து ஊர்க்காரரைச் சந்தித்ததுபோல இருந்தது. பொட்டலம் வெளிநாடு சுற்றிவிட்டு வந்திருந்தது என்பது வேறு விஷயம்.

கேலிக்கு வருகிறேன். இங்கிலாந்து அணிகளைப் பார்ப்பதில் எனக்கு எதிர்ப்பில்லை, நானும் பார்க்கிறேன். 2005இல் இஸ்தான்புல்லில் மிலானிடம் இடைவேளைக்கு முன் 3-0 என்று பின்தங்கிய லிவர்பூல், இடைவேளைக்குப் பின் ஆறே நிமிடங்களில் மூன்று கோல்களை அடித்துச் சமன் செய்து, கடைசியில் பெனால்டியில் வென்ற அந்த விடியற்காலையில் நானும் கடையில்தான் இருந்தேன். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மலாய்க்கார இளைஞர் என்னைத் தூக்கிச் சுற்றியதில் ஒரு செருப்பு காணாமல் போய்விட்டது. ஆனால் அடுத்த வாரம் லிவர்பூல் தோற்றால் எனக்குச் சோறு இறங்கும். சிலாங்கூர் தோற்றால் இறங்காது. எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார முடிகிற அணியிடம்தான் எனக்கு அந்த உரிமைக் கோபம் வருகிறது. பயிற்றுநரை நான் திட்டினால் அவர் காதில் விழும் தூரத்தில் இருக்கிறேன் என்ற எண்ணம்தான் காரணம் போலும். கடிகாரத்திலும் எனக்கு அப்படித்தான். விலையுயர்ந்த சுவிஸ் கடிகாரத்தைக் கடைச் சன்னலில் பார்த்து ரசிக்கிறேன். ஆனால் பின்மூடியைத் திறந்து விரல் வைக்க முடிகிற கடிகாரத்தோடுதான் என்னால் வாழ முடிகிறது.

சிலாங்கூர்ச் சின்னத்தை டயலில் பதித்து எனக்கு ஒரு கடிகாரம் செய்துதர முடியுமா? பணம் தருகிறேன்.
வாசகர், ரவாங்

முடியாது. கிளப்பின் சின்னம் கிளப்பின் சொத்து, நான் விற்பவனும் அல்லன். எனக்காகச் செய்துகொண்ட ஒன்றில் சின்னம் ஏதும் இல்லை: மஞ்சள் டயல், சிவப்பு நொடி முள். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் கண்ணைக் கூசுகிறது என்கிறார்கள்.

என் கணவருக்கு 66 வயது. உங்கள் பதிலைப் படித்துவிட்டு அவரும் கடிகாரம் பொருத்தத் தொடங்கிவிட்டார். சாப்பாட்டு மேசை முழுவதும் திருகாணி. ஆட்டம் இருந்தால் கத்துகிறார், இல்லையென்றால் பேசுவதே இல்லை. இதற்கு நீங்கள்தான் பொறுப்பு.
வாசகி, பட்டர்வொர்த்

பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. சாப்பாட்டு மேசையை உடனடியாக மீட்டுவிடுங்கள், அது கடிகார வேலைக்கும் பொருந்தாது. மேசை தாழ்ந்திருந்தால் முதுகு வளையும், கை தொங்கும், நடுங்கும். நெஞ்சுயரத்துக்கு ஒரு மேசை வாங்கி, ஒரு மூலையில் சுவரைப் பார்த்துப் போட்டுக் கொடுங்கள். மேசை விளிம்பில் ஒரு துணியைக் கட்டி மறுமுனையை அவர் இடுப்பில் செருகிவிட்டால், விழும் திருகாணி மடியில் விழும், உங்கள் காலில் குத்தாது. கடிகாரக்காரர்கள் இதைக் காலங்காலமாகச் செய்கிறார்கள்.

பேசாததைப் பற்றி: முள் குத்தும்போது பேச முடியாது, அதை அவர் பக்கம் நின்று சொல்கிறேன். ஆனால் குத்தி முடித்ததும் ‘இது நேராக இருக்கிறதா பார்’ என்று யாரிடமாவது காட்டியே தீரவேண்டும், அந்த நேரத்தில் அவர் உங்களைக் கூப்பிடுவார். என் மனைவி அப்படிக் கூப்பிடப்பட்டு வந்து, நான் நேர் என்று நினைத்த நிமிட முள் அரைக் கோடு இடப்பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்ணாடிகூடப் போடாமல் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் பார்க்காமல் எந்தக் கூட்டையும் நான் மூடுவதில்லை. ஆட்டத்தின்போது கத்துவதற்கு மட்டும் என்னிடம் மருந்தில்லை.

கண்புரை அறுவை செய்துகொண்டேன், கையிலும் இலேசான நடுக்கம். எனக்கு இந்தப் பொழுதுபோக்கு சரிப்படுமா?
வாசகர், தைப்பிங்

கண்ணுக்கு மருத்துவரைக் கேளுங்கள். நடுக்கத்துக்கு என் அனுபவம் இதுதான்: இரண்டு முழங்கைகளும் மேசைமேல் ஊன்றியிருக்கவேண்டும், இரண்டு கைகளின் சுண்டுவிரல்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கவேண்டும். காலைக் காப்பிக்கு முன் உட்காருங்கள், பின் அல்ல. ஆட்டம் முடிந்த இரவில் கருவியைத் தொடாதீர்கள், வென்றாலும் தோற்றாலும்.

நீங்கள் செய்த தவறுகளைச் சொன்னால் எங்களுக்கு உதவும்.
வாசகர், மூவார்

முதல் கடிகாரத்தில் தேதி, காலை ஐந்து மணிக்கு மாறியது. தேதித் தட்டு நகரும் கணத்தைக் கவனிக்காமல் மணி முள்ளை ஆவலில் குத்திவிட்டேன். மூன்று நாள் அதைக் கட்டிக்கொண்டு, தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகிறவர்களுக்கு நாள் அப்போதுதான் தொடங்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, நான்காம் நாள் பிரித்தேன்.

இரண்டாவதில் எல்லாம் சரி. மூடி, வார் மாட்டி, கையில் கட்டி, வெயிலில் பார்த்தபோது ஏழாம் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை இழை. என் நரைத்த இமைமுடி. அதைப் பிரித்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை, இன்றும் அங்கேயே இருக்கிறது.

மூன்றாவது தவறு வாங்கியதில். விலை மிகக் குறைவாக இருந்ததால் இணையக் கடை ஒன்றில் ஒரு மெஷின் வாங்கினேன். வந்தது போலி. எடைத் தகட்டின் எழுத்துகள் மங்கலாக இருந்தன, ஒரு நாளில் நான்கு நிமிடம் பின்தங்கியது. அசல் மெஷினுக்கு நாளொன்றுக்கு 20 நொடி பின்தங்குவது முதல் 40 நொடி முந்துவது வரை வரம்பு என்று தயாரிப்பாளர் கொடுத்திருக்கிறார். நடைமுறையில் எனக்குக் கிடைத்தவை பத்துப் பதினைந்து நொடிக்குள் நிற்கின்றன. நான் எழுதிய புகாருக்கு அந்தக் கடை, தங்களுக்கு ஐந்து நட்சத்திரம் தரும்படி பதில் அனுப்பியது.

தொடக்கத்தில் இந்த ஆசை எப்படி வந்தது என்று நீங்கள் சொல்லவே இல்லையே?
வாசகர், தெலுக் இந்தான்

அப்பாவின் கடிகாரத்தால் வந்தது. 1974இல் அவர் தன் சேமிப்பில் ஒரு சீக்கோ 5 வாங்கினார். சாவி கொடுக்க வழியில்லாத வகை, கையில் கட்டி அசைந்தால்தான் ஓடும். லாரி ஓட்டுகிறவருக்கு அசைவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆட்டம் தொடங்குமுன் வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதைக் கழற்றி நான்கு முறை குலுக்கி, காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி கட்டுவார். தொண்ணூறு நிமிடமும் அதைத்தான் பார்ப்பார். கூடுதல் நேரத்தில் நடுவர் இன்னும் விசில் ஊதவில்லையே என்ற எரிச்சலில் கண்ணாடியை விரலால் தட்டுவார். அதில் ஓர் ஓரம் மழுங்கியிருப்பது அந்தத் தட்டலால்தான் என்று அம்மா சொல்வார்.

அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குப் பிறகு அது நின்றுவிட்டது. ஒரு கடையில் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து, பாகம் கிடைக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது நொடி முள் இல்லை. கேட்டதற்குச் சரியான பதிலும் இல்லை. அன்று இரவு, இதை நானே திறக்கக் கற்றுக்கொள்வேன் என்று மனைவியிடம் சொன்னேன். நேரடியாக அதில் கைவைக்கப் பயந்து, பழகிக்கொள்வதற்காக முதல் என்எச்35 வாங்கினேன். அந்தப் பழக்கத்தில் இதுவரை ஏழு கடிகாரங்கள் பொருத்தியாகிவிட்டன.

அப்பாவினுடையதை இன்னும் திறக்கவில்லை. சென்ற மாதம் அதன் வயதுக்கேற்ற ஒரு நொடி முள்ளைப் பினாங்கில் ஒரு பழைய கடிகாரக்காரரின் டப்பாவிலிருந்து பொறுக்கி எடுத்து வந்தேன். அது இப்போது ஒரு காகித உறையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், இழுப்பறையில் இருக்கிறது. கடிகாரம் நான்கு இருபதில் நிற்கிறது.